உத்தமரோ?

டோக்கியோவில் வேலை பார்க்கும் நண்பன் போன டிசம்பரில் ஊருக்கு வந்தபோது ஒரு காலண்டர் கொடுத்துவிட்டுப் போனான். பன்னிரண்டு மாசம், பன்னிரண்டு தாள், பன்னிரண்டு படம். எல்லாம் ஜப்பான் பெண்கள். மஞ்சள் பூத்த பின்னணி, அடுக்கடுக்காகக் கிமோனோ, கொண்டையில் நாலாபக்கமும் குத்தி வைத்த ஊசிகள், வெண்ணெயில் வழித்த மாதிரி முகம். வீட்டம்மாவுக்குப் பார்த்ததுமே பிடித்துப்போய்விட்டது. ஹாலில் பெருமாள் காலண்டருக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டிவிட்டார்.

வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். ஜப்பான் சாமான் என்றாலே நமக்கு ஒரு மரியாதை உண்டே!

ப்ளஸ் ஒன் படிக்கிற என் மகள்தான் கேட்டாள்: "இவங்கல்லாம் யாருப்பா? மகாராணிங்களா?"

"இல்லம்மா... வந்து... அந்தக் காலத்துல டான்ஸ் ஆடறவங்க மாதிரி..." என்று மென்று முழுங்கினேன்.

இருபது வருஷத்துக்கு மேல் பத்திரிகையில் குப்பை கொட்டியவன். பெற்ற பெண்ணிடம் ஒரு சாதாரணக் கேள்விக்குப் பொய் சொன்னேன். அந்த உறுத்தலில்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன். நான் வெறும் பி.காம். ஓவியத்தைப் பற்றிப் பேச இவன் யார் என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் இந்தப் படங்களைப் புரிந்துகொள்ள, தூரிகை பிடிக்கத் தெரிவதைவிடப் பற்று-வரவு போடத் தெரிவதுதான் அதிகம் உதவுகிறது.

படத்தில் இருப்பவர்கள் யோஷிவாராவின் கணிகையர். (கணிகை என்று எழுதினால் இலக்கியம். அதே ஆளை வேறு வார்த்தையில் எழுதினால் போலீஸ் செய்தி. சொல்லுக்கும் பவுடர் பூசத்தான் செய்கிறோம்.) யோஷிவாரா என்பது எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், அரசாங்க லைசென்ஸோடு நடந்த பேட்டை. 1617-இல் அனுமதி கிடைத்தது. 1657-இல் ஊரே எரிந்த பெரிய தீவிபத்துக்குப் பிறகு அசாகுசா கோயிலுக்குப் பின்னால், வயல்வெளிப் பக்கம் தள்ளிவிட்டார்கள். சுற்றிலும் அகழி. போக வர ஒரே ஒரு வாசல். ஆண்கள் பாட்டுக்குப் போகலாம், வரலாம். உள்ளே இருக்கும் பெண் வெளியே வர வேண்டுமென்றால் கையில் அனுமதிச் சீட்டு வேண்டும்.

எப்படி வந்தார்கள்? ஏழெட்டு வயதில் வந்தார்கள். ஊரில் பஞ்சம், கடன். அப்பா முன்பணம் வாங்கிக்கொண்டு பத்திரத்தில் முத்திரை வைப்பார். ஆளை விற்பது சட்டப்படி குற்றம் என்பதால் பத்திரத்தில் 'விற்பனை' என்ற வார்த்தை வராது. 'இத்தனை வருஷம் வேலை செய்வாள்' என்று வரும். வழக்கமாகப் பத்து வருஷம். காகிதத்தில் எல்லாம் சுத்தம்!

உள்ளே போனபின் கணக்கு ஆரம்பிக்கிறது. சின்னக் குழந்தையாக ஒரு மூத்த கணிகையிடம் எடுபிடியாக விடுவார்கள். 'கமுரோ' என்று பெயர். படங்களில் பெரிய அலங்காரக்காரியின் இரண்டு பக்கமும் கொலு பொம்மை மாதிரி இரண்டு சிறுமிகள் நிற்கிறார்களே, அவர்கள்தான். அழகுக்காக வரைந்த குழந்தைகள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அடுத்த பேட்ச். அவர்கள் துணிமணிச் செலவு முதலாளி தலையில் விழாது. பக்கத்தில் நிற்கும் அக்காவின் கணக்கில் ஏறும். அவளுடைய பட்டு, சீப்பு, படுக்கை எல்லாமே அவள் கணக்கில்தான். நல்ல கிமோனோ போட்டால்தான் நல்ல கிராக்கி வரும். நல்ல கிமோனோ வாங்கினால் கடன் ஏறும். கடன் ஏறினால் வருஷம் நீளும். காலண்டரில் நாம் 'ஆஹா, என்ன டிசைன்!' என்று பார்க்கிற ஒவ்வொரு பூவும் இலையும் அவள் பெயரில் பற்று எழுதப்பட்டது.

இப்போது படங்களுக்கு வருவோம்.

மரக்கட்டையில் செதுக்கி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை வைத்து, தாளை அதே இடத்தில் பிசகாமல் பொருத்தி அழுத்தி எடுக்கிற அச்சு இது. 1765 வாக்கில்தான் முழு வண்ணத்துக்கு வந்தது. ஓவியர் கோடு போடுவார். ஒருவர் செதுக்குவார், இன்னொருவர் அச்செடுப்பார். பணம் போடுகிற பதிப்பாளர்தான் எல்லாருக்கும் மேலே. 'உகியோ-எ' என்று பெயர். மிதக்கும் உலகத்தின் படங்கள். வேடிக்கை பாருங்கள், 'உகியோ' என்ற சொல் முதலில் பௌத்தர்கள் சொன்ன 'துயர உலகம்'. உச்சரிப்பு அப்படியே இருக்க, எழுத்தை மட்டும் மாற்றி 'மிதக்கும் உலகம்' ஆக்கிக்கொண்டார்கள் எடோ ஜனங்கள். துயரம் போயிற்று, மிதப்பு வந்தது. யாருக்குப் போயிற்று, யாருக்கு வந்தது என்பது வேறு விஷயம்.

விலை? ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் 16 மோன் காசு. ஒரு வண்ணப் படமும் கிட்டத்தட்ட அந்த விலைதான். யோஷிவாராவின் முதல் தரக் கணிகைக்குக் கையேட்டில் அச்சடித்த ரேட் 1 ரியோ 1 பு. அரசாங்க மாற்று விகிதப்படி போட்டால் 5,000 மோன். முன்னூறு கிண்ணம் நூடுல்ஸுக்கு மேல்! அதுவும் விருந்து, இனாம் எல்லாம் தனி. ஆக, தச்சுவேலை செய்கிறவனும் மீன் விற்கிறவனும் அந்த வாசலுக்குள் போய் நிமிர்ந்துகூடப் பார்க்க முடியாது. படத்தை வாங்கிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். காசுள்ளவனுக்கு அது விளம்பரம், இல்லாதவனுக்கு அதுவே சரக்கு.

விளம்பரம் என்று சும்மா சொல்லவில்லை. 1770-களில் கோரியூசாய் என்ற ஓவியர் யோஷிவாராப் பெண்களைப் புதுப் புதுக் கிமோனோக்களில் வரைந்த வரிசை நூறு படங்களைத் தாண்டிப் போனது. இன்ன வீட்டு இன்னாள், இந்த வருஷப் புதுத் துணி. சுத்தமான ஜவுளிக்கடை கேட்லாக். அந்தக் காலத்தின் பெரிய பதிப்பாளர் ட்சுதாயா ஜூசபுரோ (2025-இல் ஜப்பான் டிவியில் வருஷம் பூராவும் இவர் கதைதான் தொடராக ஓடியது) பிறந்ததே யோஷிவாராவுக்குள். அந்த ஒற்றை வாசலுக்கு வெளியே கடை போட்டு, எந்த வீட்டில் யார், என்ன ரேட் என்று சொல்லும் கையேட்டை விற்றுத்தான் மேலே வந்தார். அவர் தூக்கிவிட்ட ஓவியர்தான் என் காலண்டருக்குச் சொந்தக்காரர்: கிதகாவா உதமரோ.

தமிழில் எழுதும்போது ஒரு 'த்' கூடிவிட்டால் 'உத்தமரோ?' என்று கேள்வியாகிவிடுகிறது. நியாயமான கேள்விதான். இந்தத் தொழிலின் விளம்பரக்காரர் ஒருவரை உலகம் மகா கலைஞன் என்று கொண்டாடுகிறதே, மனுஷர் உத்தமரோ?

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய பிரபலமான படங்களில் பாதி எனக்கு அலுப்பு. எல்லா முகமும் ஒரே முகம். அதே நீள மூக்கு, அதே அரிசி மணி வாய். மூக்கு வளைவில் நுட்பமான வித்தியாசம் இருக்கிறது என்பார்கள் விமரிசகர்கள். சொன்னபிறகு தெரிகிறது, சொல்லாவிட்டால் தெரிவதில்லை. யார் என்று கண்டுபிடிக்கப் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரைத்தான் பார்க்க வேண்டும். அந்தப் பெயராவது அவளுடையதா என்றால் அதுவும் கிடையாது. ஓகியா என்ற வீட்டில் 'ஹனாஓகி' என்று ஒரு புகழ்பெற்ற கணிகை. அவள் போனதும் அடுத்தவள் ஹனாஓகி. அப்புறம் இன்னொரு ஹனாஓகி. பெயர் வீட்டுக்குச் சொந்தம். கடைப் பலகை அப்படியே இருக்கும், உள்ளே ஆள் மாறிக்கொண்டே இருக்கும். எங்கள் காமர்ஸில் இதற்குக் குட்வில் என்று பெயர். ஐந்தொகையில் சொத்துப் பக்கம் எழுதுவோம்.

இன்னொரு கூத்தும் உண்டு. 1793-இல் அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது: படங்களில் பெண்களின் பெயரை அச்சிடக் கூடாது. டீக்கடைப் பெண், அப்பளம் மாதிரி அரிசித் தட்டை விற்கும் கடைக்காரர் மகள் என்று ஊர் அழகிகளை எல்லாம் பெயர் போட்டு வரைந்து கூட்டம் கூட்டிக்கொண்டிருந்தார் உதமரோ. அதற்குத் தடை. விதிவிலக்கு யாருக்கு? கணிகையருக்கு! அவர்கள் பெயரைத் தாராளமாகப் போடலாம். குடும்பப் பெண்ணின் பெயருக்கு மானம் உண்டு. கணிகையின் பெயர் சரக்கின் மேல் ஒட்டும் லேபிள், அதற்கென்ன மானம்? இந்த ஒரு உத்தரவு, கலை வரலாற்றுப் புத்தகங்கள் பலவற்றைவிடத் தெளிவாகப் பேசுகிறது.

ஆகவே உத்தமர் இல்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டு எழுந்து போயிருப்பேன். என் மகள் விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலண்டரை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு டிசம்பர் வரை புரட்டிவிட்டாள். "அப்பா, இதுல ஒரு ஆம்பளைகூட இல்லையே?"

தூக்கிவாரிப் போட்டது. ஆமாம், இல்லை. அவ்வளவு நாளாக எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை.

இந்த வரிசைக்குப் பெயர் 'யோஷிவாராவின் பன்னிரண்டு பொழுதுகள்'. 1794 வாக்கில் வெளிவந்தது. பதிப்பாளர் அதே ட்சுதாயா. அக்கால ஜப்பானில் நாளைப் பன்னிரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மிருகத்தின் பெயர் வைத்திருந்தார்கள். எலிப் பொழுது நள்ளிரவு, எருதுப் பொழுது ராத்திரி இரண்டு மணி, அப்படியே சுற்றி வரும். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தொங்கு கடிகாரம் மாதிரி ஒரு சின்னம், அதற்குள் பொழுதின் பெயர். ஒரு பேட்டையின் இருபத்துநாலு மணி நேரம். அந்தப் பேட்டை இருப்பதே ஆண்களுக்காக. ஆனால் பன்னிரண்டு தாளில் ஒரு வாடிக்கையாளர் முகம் கிடையாது.

முயல் பொழுதைப் பாருங்கள், காலை ஆறு மணி. விருந்தாளி கிளம்புகிறான். அவன் மேலங்கியை எடுத்துப் பிடித்திருக்கிறாள். அங்கியின் உள்பக்கம் துறவி போதிதர்மரின் படம்! (வெளியே எளிமை, உள்ளே ஆடம்பரம். ஆடம்பரத் தடைச் சட்டத்தை ஏய்க்க எடோ பணக்காரர்கள் கண்டுபிடித்த வழி.) அங்கி இருக்கிறது, ஆள் இல்லை. நாய்ப் பொழுதில், ராத்திரி எட்டு மணிக்கு, கடிதம் எழுதிக்கொண்டிருந்தவள் பாதியில் திரும்பி, கமுரோ சிறுமியிடம் ஏதோ ரகசியம் சொல்கிறாள். பன்றிப் பொழுதில், பத்து மணி, முழு அலங்காரத்தோடு ஒருத்தி மதுக் கிண்ணத்தை நீட்டுகிறாள். யாரிடம் நீட்டுகிறாள் என்பது தாளுக்கு வெளியே. தாளுக்கு உள்ளே, பக்கத்தில் கமுரோ உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறது. நம் வீட்டுக் குழந்தை கல்யாண வீட்டில் சாமியாடுமே, அதே தூக்கம்.

இரண்டாவது தாள், பிப்ரவரி, எருதுப் பொழுது. இதை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ராத்திரி இரண்டு மணி. ஒருத்தி படுக்கையிலிருந்து எழுந்து வந்திருக்கிறாள், கழிப்பறைக்குப் போக. கிமோனோ தொளதொளவென்று தோளில் தொங்குகிறது. கண் திறக்கவில்லை, பாதித் தூக்கம். ஒரு கையில் விளக்குக்குப் பதில் முறுக்கிய காகிதம், நுனியில் எரிந்துகொண்டிருக்கிறது. இன்னொரு கையில் மடித்த மெல்லிய காகிதம். கீழே கிடக்கும் செருப்பைக் குனிந்து பார்க்கத் தெம்பில்லாமல் காலாலேயே துழாவி நுழைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் படம்.

இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஜப்பான் போய்விட்டது. நைட் டியூட்டி முடிந்த எந்த நர்ஸிடமும் இந்தக் களைப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவளிடம் விற்க எதுவும் இல்லை. இவளை யாரும் பார்க்கவில்லை. அல்லது பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். மேக்கப் இல்லாத நடிகை என்று போட்டால் பத்திரிகை கூடுதலாக விற்கும் என்று எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ட்சுதாயாவுக்குத் தெரியாதா? திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதும் ஒரு சரக்கு. அவளுடைய களைப்பையும் சேர்த்துத்தான் விற்றிருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் எட்டிப் பார்க்கிறவனுக்கு வேண்டியது ஒரு கிளுகிளுப்பு. இந்தப் படத்தில் அது கிடையாது. செருப்பைத் தேடும் கால்தான் இருக்கிறது. அந்தக் காலை வரைந்தவன், அந்த நேரத்துக்கு அந்தத் தாழ்வாரத்தில் இருந்திருக்கிறான், கவனித்திருக்கிறான், மறக்காமல் இருந்திருக்கிறான்.

இதே ஆண்டுகளில் இன்னொரு காரியமும் செய்தார். பேட்டைப் பெண்களை ஐந்து தரமாக வரிசைப்படுத்திய ஒரு தொகுப்பு. மேலே பட்டும் பகட்டுமாக முதல் தரம். கடைசி இரண்டு, யாருமே அதுவரை பெரிதாகச் சீண்டாத அடித்தட்டு. அகழியை ஒட்டிய மலிவு வீடுகளின் 'கஷி'. அதற்கும் கீழே 'தெப்போ', அதாவது துப்பாக்கி. பட்டால் ஆள் காலி, அவ்வளவு நோய் என்பதால் அந்தப் பெயர் என்று சொல்வதுண்டு. இந்தத் துப்பாக்கிப் பெண்ணுக்குக் கலைந்த தலை, விலகிய மார்பு, பல்லில் கடித்த காகிதம். மற்ற படங்களின் அரிசி மணி வாய் இங்கே இல்லை. முதன்முறையாக ஒரு முகம். விலை ஏற ஏற முகம் அழிந்து, விலை இறங்க இறங்க முகம் தெரிய ஆரம்பிக்கிறது.

அரசாங்கம் கடைசியில் உதமரோவைப் பிடித்தது. 1804-இல். இந்தப் பெண்களைப் படம் போட்டு விற்றதற்காக என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஹிதேயோஷி என்ற ஆட்சியாளரைப் பற்றிப் படம் போட்டார் என்று! கையில் விலங்கோடு ஐம்பது நாள். இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

படங்கள் போகவில்லை. கப்பலேறின. 1887-இல் வான்கோ, பாரிஸ் பத்திரிகை ஒன்றின் அட்டையில் வந்த எய்செனின் கணிகைப் படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். 1891-இல் கொன்கூர் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 'பசுமை வீடுகளின் ஓவியர்' என்று உதமரோவைப் பற்றிப் புத்தகமே போட்டார். பசுமை வீடு என்பது யோஷிவாரா வீட்டுக்கு மரியாதைப் பெயர். பாரிஸுக்குக் கோடு தெரிந்தது, நிறம் தெரிந்தது. பற்று-வரவுப் புத்தகத்தை யாரும் கப்பலில் ஏற்றவில்லை.

அந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது? கொஞ்சம் கிடைத்திருக்கிறது. 1849-இல் யோஷிவாராவின் உமெமோதொயா என்ற வீட்டில் பதினாறு பெண்கள் சேர்ந்து பேசி, வீட்டுக்குத் தீ வைத்தார்கள். வைத்துவிட்டுத் தப்பி ஓடவில்லை. நேரே போய்ச் சரணடைந்தார்கள். கொளுத்தினவரைக் கொளுத்துவதுதான் எடோ சட்டம். தெரிந்தேதான் போனார்கள். விசாரணையில் அவர்கள் கைப்பட எழுதிய நாட்குறிப்புகள் வெளியே வந்தன. கெட்டுப்போன சாப்பாடு, அடி, உதை, அடுத்தவள் வாங்கிய அடி. சிலர் தட்டுத்தடுமாறி, எழுத்துக் கூட்டி எழுதியிருக்கிறார்கள். விசாரித்தவர்கள் அதைப் படித்தார்கள். பெண்களை எரிக்கவில்லை. முதலாளிக்கும் தண்டனை கிடைத்தது. 2020-இல் ஜப்பானின் தேசிய வரலாற்று அருங்காட்சியகம் பெண்-ஆண் வரலாறு பற்றிய கண்காட்சி ஒன்றில் இந்த விஷயத்தையும் பேசியது.

அப்படியும் 2024-இல் டோக்கியோ கலைப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் யோஷிவாரா பற்றிப் பெரிய கண்காட்சி அறிவித்தபோது, விளம்பரம் திருவிழாக் கணக்காக இருந்தது. உதமரோ உண்டு, லண்டனிலிருந்தெல்லாம் படங்கள் வருகின்றன, வாருங்கள், மகிழுங்கள். ஜப்பானிய ஜனங்களே சண்டைக்கு வந்துவிட்டார்கள். கடனுக்கு அடைத்து வைத்த பெண்களை வைத்துக் கொண்டாட்டமா என்று. அமைப்பாளர்கள் தொனியை மாற்றி, அங்கே நடந்தது மனித உரிமை மீறல் என்று எழுதி வைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார்கள். படங்களை எடுத்துவிடச் சொல்லி இருந்தால் நான் அந்தப் பக்கம் நின்றிருக்க மாட்டேன். பக்கத்தில் ஒரு சீட்டு எழுதி வை என்பது நியாயமான கோரிக்கை.

என் வீட்டுக் காலண்டருக்கும் சீட்டு பாக்கி இருந்தது. போன வாரம் மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, டான்ஸர் என்று சொன்னது பொய், இதுதான் விஷயம் என்று முன்பணம், பத்து வருஷம், கிமோனோக் கடன் எல்லாம் சொன்னேன். அவளும் காமர்ஸ் குரூப். குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பத்து வருஷம் முடிஞ்சா கடன் ஜீரோ ஆயிடுமா?"

சிலருக்கு ஆயிற்று. சிலரைப் பணக்காரன் எவனாவது கடனைக் கட்டி மீட்டுக்கொண்டு போனான். பலருக்கு அதற்குள் நோய் வந்துவிட்டது. யோஷிவாராவுக்குப் பக்கத்தில் ஜோகன்-ஜி என்று ஒரு கோயில். கேட்க ஆள் இல்லாத பெண்களின் உடலைக் கொண்டுவந்து போட்டதால் 'வீசியெறியும் கோயில்' என்றே ஊரில் பெயர். அங்கே அடங்கியவர்கள் சுமார் 25,000 பேர் என்று ஒரு மதிப்பீடு. அதையும் சொன்னேன்.

காலண்டரைக் கழற்றிவிடலாமா என்று வீட்டம்மாவைக் கேட்டேன். "எதுக்கு? அவங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்றார். பெருமாள் பக்கத்திலேயே இருக்கிறது. மார்ச் பிறந்து இரண்டு வாரம் ஆகிறது. தாளை மட்டும் இன்னும் யாரும் திருப்பவில்லை.